ஒரு லீற்றர் காற்றில் 44 மில்லிகிராம் நீர்: உதவிய கைகளுக்கு நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

கொழும்பில் குறைமாதத்தில் பிறந்து, மூச்சுக்குத் துணை தேவைப்பட்ட குழந்தைகளுக்காக நீங்கள் பலர் உழைத்திருக்கிறீர்கள். அவர்களின் கட்டிலருகே ஒருநாளும் வந்திராதவர்களும் உங்களில் உண்டு. இங்கே யாருடைய பெயரையும் எழுதவில்லை. ஒருவரை எழுதி இன்னொருவரை விட்டால் மனம் நோகும். வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். அதிலும் ஒரே ஒரு வேலை: குழந்தை உள்ளிழுக்கும் காற்றைச் சூடாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது.

"கொழும்பில் ஏற்கனவே இந்தப் புழுக்கம். காற்றுக்கு ஈரம் வேறு எதற்கு?" என்று உறவினர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 28 பாகை செல்சியஸ், 80 வீத ஈரப்பதன் உள்ள நம் வெளிக்காற்று ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 22 மில்லிகிராம் நீராவியைச் சுமக்கிறது. நுரையீரலின் வாசலில் காற்று 37 பாகையில், லீற்றருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருக்க வேண்டும். குறைகிற பாதியை நம் மூக்கும் தொண்டையும் சேர்த்துவிடுகின்றன. ஆனால் இந்தக் குழந்தைகளுக்குப் போவது வெளிக்காற்று அல்ல. திரவ ஒட்சிசன் தாங்கியிலிருந்து ஆவியாகி வரும் வாயுவில் நீர் இல்லை. அமுக்கிய காற்றையும் உலர்த்திய பிறகுதான் குழாய்க்குள் விடுகிறார்கள். ஈரம் இருந்தால் வால்வுகள் கெடும், கிருமி வளரும். கட்டிலருகே சுவரில் உள்ள வாயு இணைப்பிலிருந்து வருவதில் அனேகமாக ஈரமே இல்லை. அந்த 44 மில்லிகிராமும் யாரோ ஒருவர் வைத்தால்தான் உண்டு. வைத்தவர்கள் நீங்கள்.

வைக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு கிலோ எடையுள்ள குழந்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 லீற்றர் காற்றை உள்ளிழுக்கிறது. அது முழுக்க உலர்ந்த காற்றானால், அதை நனைக்க ஒரு நாளில் 19 கிராம் வரை நீரும், அந்த நீரை ஆவியாக்க 11 கிலோகலோரி வரை சக்தியும் குழந்தையின் உடலிலிருந்து போகும். வெளிவிடும் மூச்சில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்தான். ஆனாலும் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 110, 120 கிலோகலோரியைப் பாலாகவும் நாளத்தில் ஏற்றும் ஊட்டத் திரவமாகவும் துளித்துளியாகச் சேர்க்கும் இடத்தில் இது சிறிய இழப்பு அல்ல. மூச்சுக்குழாய்க்குள் ரியூப் வைத்த குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூட. அந்த ரியூப்பின் உள்விட்டம் 2.5 மில்லிமீற்றர். சளி காய்ந்து உட்சுவரில் கால் மில்லிமீற்றர் படிந்தாலே விட்டம் 2 ஆகிவிடும். காற்றோட்டத்துக்கான தடை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். அடுத்த படி முழு அடைப்பு. மூக்கில் புரோங் (காற்றுத் தரும் சிறு குழல்) வைத்த குழந்தைக்கு மூக்கின் உட்தோல் காய்ந்து வெடித்து இரத்தம் கசியும், அது உறைந்து மூக்கை அடைக்கும், குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் போகும்.

முதல் நன்றி, உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவினருக்கு. ஈரப்பதனாக்கி என்பது வாயுவைச் சூடான நீர்க்கிண்ணத்தின் வழியே அனுப்பி ஈரமாக்கும் மெஷின். அதன் அளவுகளை நாங்கள் நம்புவது நீங்கள் அதைச் சரிபார்த்துத் தருவதால். நீர்க்கிண்ணத்தின் வாயில் 37 பாகை, குழந்தைக்கு அருகே 40 பாகை என்று இரண்டு இடத்தில் அளக்கும் முறை புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். "40 பாகை குழந்தையைச் சுடாதா?" என்பார்கள். 37இல் காற்று தனக்கு வேண்டிய நீரை முழுவதும் ஏற்றிக்கொள்கிறது. குழாய்க்குள் இருக்கும் சூட்டுக் கம்பி அதை இன்னும் 3 பாகை உயர்த்தி, வழியில் நீர் படியாமல் காக்கிறது. கம்பி இல்லாத கடைசித் துண்டில் அது மீண்டும் 37க்கு இறங்கிக் குழந்தையை அடைகிறது. இதை ஒவ்வொரு புதுத் தாதிக்கும் பொறுமையாக விளக்கியதற்கு நன்றி.

குழந்தைக்கு அருகே குழாயில் செருகி வெப்பநிலையை அளக்கும் புரோப்பைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு அதைவிடப் பெரிய நன்றி. ஈரம் கெடுகிற பெரும்பாலான வேளைகளில் மெஷின் பழுதில்லை, புரோப் தப்பான இடத்தில் இருக்கிறது. குழந்தையைச் சூடாக வைக்கும் இன்கியூபேற்றர் பெட்டிக்குள் இருந்தால் புரோப் இன்கியூபேற்றரின் சூட்டை அளக்கும். "போதும்" என்று நினைத்து மெஷின் சூட்டைக் குறைக்கும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், குழந்தைக்கு உலர்ந்த காற்றுத்தான் போகும். கட்டிலுக்கு மேலிருந்து சூடு தரும் கதிர்வீச்சுச் சூடாக்கியின் கீழும் இதே கதை. அதனால் இன்கியூபேற்றர் என்றால் புரோப் வெளியே, சூடாக்கியின் கீழ் என்றால் புரோப்பின் மேல் வெப்பத்தைத் திருப்பும் வெள்ளித்தாள். புரோப் அரைகுறையாகச் செருகியிருந்தால் நேரெதிர்: அது அறைக் குளிரை அளக்கும், மெஷின் அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கும். தொடங்கும்போது முதலில் வாயு, பிறகு சூடு. நிறுத்தும்போது முதலில் சூடு, பிறகு வாயு. ஓட்டம் இல்லாமல் சூடு ஏறி நின்றால், வாயுவைத் திறந்ததும் முதல் மூச்சு கொதிக்கும். அந்த வரிசையை மெஷினின் நெற்றியிலேயே ஒட்டி வைத்தீர்களே, இன்றும் அதைப் பார்த்துத்தான் செய்கிறோம்.

மின் பகுதியினருக்கு. மூச்சுக் கருவியான வென்டிலேற்றருக்குள் பற்றரி உண்டு, ஈரப்பதனாக்கிக்கு இல்லை. மின் போனால் வென்டிலேற்றர் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆனால் அது குளிர்ந்த, உலர்ந்த காற்று. அலாரமும் அடிக்காது, ஏனென்றால் அடிக்க வேண்டிய மெஷினே அணைந்துவிட்டது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தில் டீசலும் கிடைக்காமல் நின்ற உங்களை மறக்க முடியாது. ஈரப்பதனாக்கிகளை மின்பிறப்பாக்கி இணைப்புள்ள பிளக்குகளுக்கு மாற்றித் தந்தது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் "எல்லாம் திரும்ப ஏறினதா, பாருங்கோ" என்று அழைத்துக் கேட்டது, இரண்டும் உயிர் காத்த வேலைகள். மின் வந்ததும் சில மெஷின்கள் தானாகத் தொடங்காது. தொடங்கினாலும் முன்பு வைத்த நிலையில் தொடங்காது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

குளிரூட்டி பழுதுபார்க்கும் தம்பிமாருக்கு ஒரு சிறப்பு நன்றி. உங்களை யாரும் சிகிச்சைக் குழுவில் சேர்ப்பதில்லை. குளிரூட்டியின் காற்று பட்டு, முழு ஈரமான காற்று குழாயில் 37இலிருந்து 30 பாகைக்கு இறங்கினால் லீற்றருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம் நீர் சுவரில் படிகிறது. நிமிடத்துக்கு 8 லீற்றர் ஓட்டத்தில் அது மணிக்கு 6, 7 மில்லிலீற்றர். அவ்வளவும் குழந்தை இழந்த ஈரம். அவ்வளவும் குழாயின் பள்ளத்தில் தேங்கி, புரண்டால் மூக்குக்குள் போகக்கூடிய நீர். குளிர்காற்று குழாயில் நேரே அடிக்காதபடி வாய்த்தகட்டைத் திருப்பித் தந்தீர்கள். பத்து நிமிட வேலை. அந்தக் கட்டிலில் அன்றிலிருந்து நீர் வடிக்கும் தேவை பாதிக்கும் கீழே.

களஞ்சியத்தினருக்கும் மருந்தாளருக்கும். ஈரப்பதனாக்கிக்குப் போக வேண்டியது கிருமியற்ற நீர் மட்டும். குழாய்நீர் போட்டால் சுண்ணாம்பு படியும், கிருமி பெருகும். சேலைன் போட்டால் நீர் ஆவியாக உப்பு மட்டும் கிண்ணத்தில் தங்கி, நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையை இறுக்கிவிடும். பயங்கரமானது இதற்கு மறுபக்கம்: அதே அளவு, அதே வடிவப் பையில் இருக்கும் கிருமியற்ற நீரைத் தவறி இரத்த நாளத்தில் ஏற்றினால் செங்குருதிக் கலங்கள் உடையும். அதற்காகவே அந்தப் பைகளைச் சேலைன் அடுக்கில் வைக்காமல் வேறு அலுமாரியில் வைத்தீர்கள். ஒவ்வொன்றிலும் மும்மொழியில் சிவப்புத் துண்டு ஒட்டினீர்கள். யாரும் கேட்காமலே செய்த வேலை அது. இன்னொன்று: 8 லீற்றர் ஓட்டத்தில் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு அரை லீற்றர் நீர் வேண்டும் என்ற கணக்கை ஏற்று, வார இறுதிக்கும் போயா விடுமுறைக்கும் சேர்த்து முன்கூட்டியே அனுப்பினீர்கள். அதே கணக்கு எங்களுக்குச் சோதனைக் கருவியும் ஆனது. கிண்ணத்துக்கு நீர் தரும் பை அரை லீற்றர் இறங்கவில்லையா? காற்றுத்துளை மூடியிருக்கிறது, அல்லது நீர்க்குழாய் மடிந்திருக்கிறது, அல்லது சூடு வேலை செய்யவில்லை. அளவுக்கு மேல் இறங்குகிறதா? மிதவை சிக்கிக் கிண்ணம் நிரம்புகிறது. அந்தக் கிண்ணத்தை உடனே மாற்ற வேண்டும், தட்டிச் சரிசெய்யக்கூடாது.

கிருமிநீக்கப் பகுதியின் அக்காமாருக்கு: மீளப் பயன்படுத்தும் குழாய்களை உள்ளே ஒரு துளி நீரும் இல்லாமல் உலர்த்தித்தான் பொதி செய்கிறீர்கள். அவசரத்தில் நாங்கள் நெருக்கினாலும் ஈரத்தோடு தந்ததில்லை. அந்தப் பிடிவாதம் அப்படியே இருக்கட்டும்.

இரவுக் கடமைத் தாதியருக்கு எவ்வளவு எழுதினாலும் போதாது. சீபாப் என்பது மூச்சு முழுவதும் காற்றழுத்தம் கொடுத்து நுரையீரல் சுருங்காமல் காப்பது. பபிள் சீபாப் என்பது 1971இல் அமெரிக்க வைத்தியர் கிரெகரியும் தோழர்களும் சீபாப்பைக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்திக் காட்டிய வழியில் வந்த எளிய முறை: வெளிமூச்சுக் குழாயின் நுனி 5 சென்ரிமீற்றர் நீருக்குள் இருந்தால் 5 சென்ரிமீற்றர் நீரளவு அழுத்தம். எளிமையில்தான் பொறியும் இருக்கிறது. ஈரப்பதனாக்கி நன்றாக வேலை செய்தால் வெளிமூச்சுக் குழாயில் நீர் படிந்து போத்தலுக்குள் வழியும், நீர்மட்டம் உயரும், 5 என்று எழுதியிருக்கும் அழுத்தம் 7 ஆகும். குழாயின் தொங்கலில் நீர் தேங்கினாலும் அழுத்தம் கூடும். மணிக்கொருதரம் போத்தலின் மட்டம், கிண்ணத்தின் கோடு, இரு வெப்பநிலைகள், குமிழி வருகிறதா என்பதை ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்துக் குறித்தீர்கள். திரையை மட்டும் நம்பாமல் மூக்கருகே குழாயின் கடைசித் துண்டில் மெல்லிய பனித்துளி இருக்கிறதா என்று பார்த்தீர்கள்: துளி இருந்தால் ஈரம் சேர்கிறது, காய்ந்திருந்தால் எண் எதைக் காட்டினாலும் சரியில்லை, குளமாக நின்றால் வேறு பிழை. வடித்த நீரைக் கிண்ணத்துக்கே திருப்பி ஊற்றாமல், கழிவாகக் கையுறையோடு அகற்றினீர்கள். உறிஞ்சியெடுத்த சளி தடித்துவிட்டது என்று அதிகாலையில் நீங்கள் சொன்ன ஒரு வரி, எந்த அலாரத்துக்கும் முந்தியது.

உள்ளூரிலிருந்தும் கடல் கடந்தும் பொருள் அனுப்பியவர்களுக்கு: மொடல் இலக்கத்தைக் கேட்டு, குழாய், கிண்ணம், புரோப், சூட்டுக்கம்பி இணைப்பி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் தொகுதியாக அனுப்பினீர்கள். பொருந்தாத குழாயை வேறு மெஷினின் சூட்டுக்கம்பியோடு இணைத்தால் சூடாகாது, அல்லது உருகும். இனி அனுப்ப நினைப்பவர்களும் தயவுசெய்து இப்படியே முதலில் கேளுங்கள். மெஷினை விட, தீர்ந்துபோகும் குழாயும் கிண்ணமும்தான் எப்போதும் தட்டுப்பாடு.

கடைசியாக அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும். குழந்தையை நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொள்ளும் ஆவல் எங்களுக்குத் தெரியும். சீபாப்போடும் அது முடியும், நல்லது. ஆனால் தூக்குமுன் குழாயில் நின்ற நீரை வடிக்கும்வரை பொறுத்திருந்தீர்கள். வடிக்காமல் தூக்கினால் அந்த நீர் நேரே மூக்குக்கு வரும். போர்வையை இழுத்துப் போர்த்தும்போது புரோப்பை மூடாமல் வெளியே விட்டீர்கள், மூடினால் அது உங்கள் உடற்சூட்டை அளந்து மெஷினை ஏமாற்றும் என்று ஒருமுறை சொன்னது போதுமாயிருந்தது. குழாய் குழந்தையின் முகத்தை விடத் தாழ்ந்தே இருக்கும்படி மணிக்கணக்காகக் கை மாற்றாமல் பிடித்திருந்தீர்கள். "மிஸ், குழாயில தண்ணி நிக்குது" என்று கூப்பிடத் தயங்காதீர்கள். எத்தனை தடவை என்றாலும் வருவோம்.

நன்றியுடன்,
பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் தாதியரும் வைத்தியர்களும்,
கொழும்பு