பச்சை டிக்கும் பழைய ரேட்டும்

அன்புள்ள பங்காளிக்கு,

போன மாதம் ஏற்காடு போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறார்கள். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மேல் சரிவில் உன் அப்பா வைத்த எஸ்.795 ரகக் காப்பிச் செடிகளில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் விழுந்துவிட்டது. பதினைந்து செடியை வேரோடு பிடுங்கி எரித்தார்களாம். பக்கத்துத் தோட்டக்காரர் சில்வர் ஓக்கை வெட்டி விற்றதிலிருந்து அந்தப் பக்கம் வெயில் நேராக இறங்குகிறது, அந்தப் பூச்சிக்கு அதுதானே வேண்டும் என்கிறார்கள். மிளகு பரவாயில்லை. உனக்கு ஒரு கிலோ காப்பித்தூள் கொடுத்தனுப்பினார்கள். புனேவுக்கு அரைக் கிலோதான் வரும். மீதி கூரியர் கூலி.

நான் மலையேறியது அம்மாவைப் பார்க்க மட்டும் இல்லை. செவ்வாய்ப்பேட்டை அண்ணனின் கொலுசுப் பட்டறைக்கு 2023 ஏப்ரலில் நாம் ஒரு ஒர்க்ஃப்ளோ கட்டிக் கொடுத்தோமே, வியாபாரிகளின் ஆர்டரைப் படித்துத் தானாகவே விலை பார்த்துப் பதில் போடுவது, அதைப் புது என்எய்ட்என்னுக்கு, அதாவது இப்படி வேலைகளைப் பெட்டி பெட்டியாகக் கோத்து ஓட்டும் அந்த மென்பொருளின் புதுப் பதிப்புக்கு, மாற்றும் வேலை. சேலத்தில் இருந்தால் போன் ஓயாது; மேலே உன் அறையில் இரண்டு நாள் உட்கார்ந்தால் சிக்னல் இருக்காது, நிம்மதியாக முடிக்கலாம் என்று கிளம்பினேன். சிக்னல் இல்லாமல் சர்வரை எப்படித் தொடுவது என்பது 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்த பிறகுதான் உறைத்தது. ஜன்னல் ஓரத்தில் அரிசி டப்பா மேல் போனை வைத்தால் இரண்டு கோடு வரும் என்று அம்மாதான் காட்டிக் கொடுத்தார்கள்.

நாம் கட்டும்போது என்எய்ட்என் 1.0 கூட வந்திருக்கவில்லை. அது அந்த ஜூலையில்தான் வந்தது. இப்போது 2.0-வும் வந்தாகிவிட்டது, 2025 டிசம்பரில். அண்ணனின் பட்டறை மூலையில் அந்தப் பழைய சிபியூ மட்டும் பாலிஷ் தூசியை மூச்சாக இழுத்துக்கொண்டு அதே பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறி அலறத் தொடங்கியதும் அண்ணனே கூப்பிட்டுவிட்டார். ஆடி வருகிறது, கோட்டை மாரியம்மன் திருவிழா வருகிறது, அதற்குள் ஏதாவது செய் என்றார்.

முதலில் சின்னச் சின்னத் தொல்லைகள். ஒர்க்ஃப்ளோவை ஜேசான் என்ற உரை வடிவில் எடுத்தால் அதில் இணைத்த கணக்குகளின் பெயர்தான் வருகிறது, சாவி வருவதில்லை. அதுவும் சரிதான், வந்தால்தான் ஆபத்து. ஆனால் அந்தச் சாவிகளைப் பூட்டி வைத்திருக்கும் பழைய மெஷினின் என்கிரிப்ஷன் கீயை எடுத்து வைக்காமல் விட்டதால் எல்லாக் கணக்கையும் கையால் மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. அப்புறம் நேரம். டாக்கர் என்ற கருவி வழியாக என்எய்ட்என்னைப் புதிதாக ஏற்றும்போது நேர மண்டலத்தைக் குறிப்பிட மறந்துவிட்டேன். சொல்லாவிட்டால் அது நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும். காலை 9 மணிக்கு வியாபாரிகளுக்குப் போக வேண்டிய 'காலை வணக்கம், இன்றைய வெள்ளி விலை' மாலை ஆறரைக்குப் போயிருக்கிறது. மதுரை வியாபாரி ஒருவர் 'இனிய இரவு வணக்கம்' என்று பதில் போட்டிருந்தார்.

ஏஐ பகுதியைப் பற்றி உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். அப்போது ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-3.5 டர்போவை நம் நிரலிலிருந்தே கூப்பிடும் வழி, அதன் ஏபிஐ, வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஹெச்டிடிபி நோடில், அதாவது இணையத்துக்குக் கோரிக்கை அனுப்பும் பெட்டியில், நேராகக் கூப்பிட்டோம். ஏஐக்குக் கட்டளையாக நீ எழுதிய ப்ராம்ப்ட்டைத் திரும்பப் படித்தேன். ஜேசான் மட்டும் கொடு, வேறு எதுவும் எழுதாதே, தயவுசெய்து எழுதாதே என்று மூன்று இடத்தில் கெஞ்சியிருக்கிறாய். கெஞ்சியும் கேட்காமல் அது சேர்த்து அனுப்பும் உபசாரப் பேச்சை வெட்டி எறிய ஒரு ஃபங்ஷன் நோட். இப்போது அந்த நோட் தேர்வுப் பட்டியலிலேயே கிடையாது. அதற்குப் பதில் கோட் நோட்தான். அதுவும் தேவைப்படவில்லை. என்ன வடிவத்தில் பதில் வேண்டும் என்று, பதிலைப் பிரித்துக் கொடுக்கும் பார்சரில் வரையறுத்துவிட்டால் எடை, இன்ச், ஜோடி எண்ணிக்கை தனித்தனியாக வந்து விழுகிறது. பில்லும் குறைந்திருக்கிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது தமிழில் 116 டோக்கன் (ஏஐ எழுத்தைப் பிய்த்துக் காசு கணக்கிடும் துண்டு) பிடித்த ஒரு வாக்கியம் 35 டோக்கனில் அடங்குகிறது என்று ஓப்பன்ஏஐக்காரர்களே எடுத்துக்காட்டினார்கள். நாம் மூன்று வருடமாக ஒவ்வொரு 'அண்ணா வணக்கம்'-க்கும் பல துண்டாகப் பிய்த்துக் காசு கட்டியிருக்கிறோம்.

ப்ராம்ப்ட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கெஞ்சல்களை எல்லாம் எடுத்தேன். கூடவே 'வழக்கம்போல என்று வந்தால் அவருடைய கடைசி ஆர்டரைப் பார்' என்ற வரியும் போய்விட்டது. அது கெஞ்சல்களுக்கு நடுவில் கிடந்தது, நான் என்ன செய்வேன்? மறுநாள் 'வழக்கம்போல அஞ்சு ஜோடி' என்று ஒருவர் எழுத, ஏஐ தானாகவே ஒரு டிசைனைக் கற்பனை செய்து ஐந்து ஜோடி எழுதி வைத்துவிட்டது. பட்டறைப் பையன் பார்த்துச் சிரித்ததால் வெள்ளி உருகவில்லை. வரியைத் திரும்ப வைத்துவிட்டேன். உன் ப்ராம்ப்ட்டில் இன்னும் எந்தெந்த வரி அண்ணனின் வாயிலிருந்து வந்தது என்று உனக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. என்னை அடித்தது தெரியாதது.

பழைய மெஷினை அப்படியே மேலேற்றப் பயந்து, புதிதாக ஒரு கேன்வாஸ் (பெட்டிகளை அடுக்கும் வெற்றுத் திரை) திறந்து பெட்டிகளை எல்லாம் நகலெடுத்து ஒட்டினேன். எல்லாப் பெட்டியிலும் பச்சை டிக். ஒரு சிவப்பு இல்லை. அம்மா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, இவ்வளவுதானா என்று கொஞ்சம் கர்வமாகக் கூட இருந்தேன்.

நம் ஒர்க்ஃப்ளோவில் ஆர்டர் வந்ததும் இரண்டு கிளை பிரியும் அல்லவா? மேல் கிளையில் ஏஐ ஆர்டரைப் படிக்கும், ஃபங்ஷன் நோட் சுத்தம் செய்யும், ஷீட்டில் வெள்ளி ரேட்டைப் பார்க்கும், பதில் அனுப்பும். கீழ்க் கிளையில் அன்றைய ரேட்டை இழுத்து அதே ஷீட்டில் எழுதும். பழைய பதிப்பில் ஒவ்வொரு கிளையிலும் முதல் பெட்டி, பிறகு ஒவ்வொரு கிளையிலும் இரண்டாவது பெட்டி என்று மாறி மாறி ஓடும். அதனால் மேல் கிளை மூன்றாவது பெட்டிக்கு வந்து ஷீட்டைத் திறக்கும்போது கீழ்க் கிளை ரேட்டை எழுதி முடித்திருக்கும். நாம் அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தற்செயலாகப் பொருந்திப் போயிருந்தது, அவ்வளவுதான்.

1.0-லிருந்து அந்த வரிசை மாறிவிட்டது. ஒரு கிளை முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்தது, கேன்வாஸில் மேலே இருப்பது முதலில். பழைய ஒர்க்ஃப்ளோக்களுக்குப் பழைய வரிசையையே விட்டு வைத்திருக்கிறார்கள். மெஷினை ஏற்றியிருந்தால் தப்பித்திருப்பேன். புது கேன்வாஸில் ஒட்டியதால் புது வரிசை. இதெல்லாம் ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. படிக்காதது நான். விளைவு, ஒவ்வொரு ஆர்டருக்கும் அதற்கு முந்தின ஆர்டர் வந்தபோது எழுதிய ரேட் போனது. ரேட் அசையாத நாட்களில் யாருக்கும் தெரியவில்லை. ஐந்து நாள் கழித்து வெள்ளி ஏறிய அன்று அண்ணன் கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். ஏழு ஆர்டர், 4,300 ரூபாய் நஷ்டம். என் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். "கூலி வேற, சேதாரம் வேற. இது சேதாரம்" என்று சொல்லிவிட்டு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அதோடும் முடியவில்லை. திருத்தினேன், சேவ் செய்தேன், ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. மத்தியானம் வரை வெளியே போன பதில்கள் மட்டும் பழையபடியே. 2.0-வில் சேவ் செய்தால் நம் பிரதிதான் மாறும். பப்ளிஷ் அழுத்தினால்தான் ஓடுகிற ஒர்க்ஃப்ளோ மாறும். நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு நல்லதாகத் தெரியவில்லை.

முதலில் ரேட் கிளையைப் பிடித்து மேலே இழுத்து வைத்துச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். வேலை செய்தது. ஆனால் நாளைக்கு யாராவது அழகு பார்த்துப் பெட்டியைக் கீழே நகர்த்தினால் விலை மாறிவிடும் என்றால் அது என்ன கணக்கு? இரண்டு கிளையையும் பிரித்து ஒரே கோடாக்கிவிட்டேன். ரேட், ஏஐ, பதில், வரிசையாக. நடந்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். "பால் காய்ச்சாமயா சாமான இறக்குன?" என்றார்கள். ஒரு வாரம் பழைய மெஷினையும் ஓட விட்டு இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். இப்போது தினமும் அதைத்தான் செய்கிறேன். பழைய சிபியூ பதில் மட்டும் அனுப்பாது, கணக்குப் போட்டு வைக்கும். இதுவரை பன்னிரண்டு நாள், இரண்டும் ஒத்துப் போகின்றன.

மல்கோவா முடிந்துவிட்டது, இந்த வருடமும் உனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இங்கே குகையில் நடக்கும் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கைக்காவது வருவாயா? வந்தால் ஒரு நாள் முன்னாடியே வா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கலாம்.

அப்புறம், ஒரு விஷயம் கேட்க வேண்டும். பதில் அனுப்பும் பெட்டிக்கும் ஆர்டரைக் கணக்கு நோட்டில் பதியும் பெட்டிக்கும் நடுவில் மூன்று விநாடி காத்திரு என்று ஒன்று வைத்திருக்கிறாயே, அது எதற்கு? இரண்டு நாள் யோசித்தும் எனக்குப் புரியவில்லை. எடுத்துப் பார்க்கத் துணிச்சலும் வரவில்லை. அப்படியே புது வீட்டிலும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஞாபகம் இருந்தால் எழுது.

உன் பங்காளி
குகை, சேலம்