தெரிந்தவர் செய்த குற்றம்

ஆசிரியருக்கு,

கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு என்றால் போட்டி இருக்கும், சரி. ஆனால் 2008 ஏப்ரலில், அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வுக்கான பிலடெல்பியா விவாதத்தில் நடந்தது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. 'வெதர் அண்டர்கிரவுண்ட்' என்ற தீவிர இடதுசாரிக் குழுவில் இருந்த பில் அயர்ஸோடு பழக்கம் உண்டே என்று ஒபாமாவைக் கேட்டார்கள். அயர்ஸின் குழு குண்டு வைத்த காலத்தில் ஒபாமா பள்ளிச் சிறுவன்! நெறியாளர் கேட்டதோடு விடாமல், சொந்தக் கட்சிக்காரரும் போட்டியாளருமான ஹிலாரி கிளின்டனும் துருவினார். அதே குழுவைச் சேர்ந்த இருவரின் தண்டனையைக் குறைத்தவர் ஹிலாரியின் கணவர், முன்னாள் அதிபர் பில் கிளின்டன்தான் என்று ஒபாமா பதிலுக்குச் சொல்ல நேர்ந்தது. இரண்டுமே கொள்கைப் பேச்சு இல்லை.

ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில் ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும்படி ஹிலாரியே கேட்டுக்கொண்டார். பெரிய மனசுதான். ஆனால் அக்டோபரில் எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் அதே அயர்ஸைத்தான் பிரசாரத்துக்கு இழுத்தார்.

– ஒரு வாசகர், மதுரை