தைக்கும் கூடத்துக்கு அப்பாலும் பாருங்கள்: பணியுடை, பாதுகாப்புச் சாதன விநியோக நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் பணியுடை, பாதுகாப்புக் காலணி, கையுறை முதலியவற்றை வழங்கும் நிறுவனங்களின் உரிமையாளர்கள், கொள்முதல் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் எண்ணூரிலும் வேலைக்குச் செல்லும் லட்சக்கணக்கானோரின் கால்விரலையும் உள்ளங்கையையும் காப்பவை நீங்கள் விற்கும் பொருள்கள். அந்த வேலையின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அண்மைக் காலமாக உங்களில் பலருடைய விலைப்பட்டியல்களில் அறநெறி வணிகம், சுற்றுச்சூழல் பொறுப்பு என்ற தலைப்புகளில் ஒரு பக்கம் சேர்ந்திருப்பதையும் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்தால், அவை காலணியும் சட்டையும் தைக்கப்படும் கூடத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு முந்திய இடங்களான தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, நூற்பாலை ஆகியவற்றைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. தொழிலாளியின் உடலுக்கும் ஊரின் தண்ணீருக்கும் நேரும் கேட்டில் பெரும்பகுதி அந்த இடங்களில்தான் நேர்கிறது. பாலாற்றங்கரையில் வாழ்ந்து, காலணித் தொழிலில் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த இடங்களைச் சரியாக நடத்துவதற்கு ஆகும் செலவை உங்கள் விலையிலும் கொள்முதல் ஆணையிலும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

பாதுகாப்புக் காலணியையே எடுத்துக்கொள்வோம். அதன் முனையில் உள்ள கவசம் 200 ஜூல் ஆற்றலுடன் விழும் அடியைத் தாங்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. காலணித் தோலில் அறுமதிப்புக் குரோமியம் என்ற நச்சு வடிவம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டிவிட்டால், உடலில் படும் பொருளாக அதை விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தடை விதித்திருக்கிறது. அணிபவரின் காலுக்கு ஒவ்வாமை வரக் கூடாது என்பதற்காக இவ்வளவு நுணுக்கமாக அளந்து பார்க்கிறோம், அது சரியானதே. ஆனால் அந்தச் சோதனை அறிக்கை பேசுவது முடிந்த பொருளைப் பற்றி மட்டுமே. அந்தத் தோலைப் பதனிட்ட ஊரின் கிணற்றில் எவ்வளவு குரோமியம் இருக்கிறது, பதனிடும் டிரம்மிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போட்டவரின் கையில் உறை இருந்ததா என்பதை எந்தச் சோதனைக்கூடமும் உங்களுக்கு எழுதித் தருவதில்லை. இந்தக் கேள்விகளை வாங்குபவர் கேட்டால்தான் உண்டு.

ராணிப்பேட்டையில், தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. ஆலை மூடி முப்பது ஆண்டுகள் ஆனபிறகும் மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பாலாற்றுப் பகுதியின் தோல் ஆலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருப்பதைப் பதிவு செய்தது. கேடு விளைவித்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பும் அதுவே. அதன் பிறகும் இழப்பீடும் தூய்மைப்பணியும் முடிந்தபாடில்லை என்பதால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பகுதிக்காக உத்தரவுகள் பிறப்பிக்க நேர்ந்தது. சட்டப்படி இந்தப் பொறுப்பு ஆலை உரிமையாளர்களுடையது, அரசினுடையது. ஆனால் அந்தத் தோலைக் குறைந்த விலைக்கு வாங்கி ஆதாயம் பெற்ற வாங்குபவர்களுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். உப்பைப் பற்றிப் பேசுபவர் குறைவு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டே ஆலைக்கு வருகிறது. முதல் ஊறலிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்துவிடும். நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் சாதாரணச் சுத்திகரிப்பால் கரைந்த உப்பை நீக்க முடியாது. எதிர்ச் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கிகளும் வேண்டும். அவை மின்சாரத்தையும் எரிபொருளையும் விழுங்குபவை. இறுதியில் மிஞ்சும் கலப்பு உப்பையும் எங்காவது பத்திரமாகச் சேர்த்து வைத்தாக வேண்டும். ஒரு சதுர அடித் தோலின் விலையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் நெருக்கும்போது, ஆலை உரிமையாளரால் குறைக்க முடிகிற செலவுகள் இரண்டுதான்: ஒன்று இந்தச் சுத்திகரிப்பு, மற்றொன்று கூலி. பச்சைத் தோலின் விலையும் இரசாயனத்தின் விலையும் அவர் கையில் இல்லை.

சுத்திகரிப்புச் செலவைக் குறைப்பதன் விளைவு ஆற்றோடு நின்றுவிடுவதில்லை. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தோல் ஆலைகளின் கழிவுத் தொட்டிகளில் முகக்கவசமின்றி இறங்கி நச்சு வாயுவால் மடிந்தவர்களைப் பற்றிய செய்திகளும் இந்தப் பகுதிக்குப் புதியவை அல்ல. பிறருடைய பாதுகாப்புக்கென்று ஒரு பொருளைச் செய்யும் சங்கிலியில், அதன் முதல் கண்ணியில் நிற்பவருக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் ஒரு சுவாசக் கருவியும் கிடைக்காமல் இருப்பதை நாம் யாரும் பொறுத்துக்கொள்ளலாகாது. அந்தக் கருவிகளையே விற்கும் உங்களுக்கு இதில் மற்றவர்களைவிடக் கூடுதல் கடமை இருக்கிறது.

இனி விலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அரசுத் துறைகளும் பெரும்பாலான தனியார் ஆலைகளும் பாதுகாப்புக் காலணியை 'எல்-1' முறையில், அதாவது குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவரிடம் வாங்குகின்றன. நீங்கள் அந்த விலைக்கு ஒப்புக்கொண்டு ஓராண்டு ரேட் காண்ட்ராக்டில், அதாவது விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்திடுகிறீர்கள். பிறகு காலணி தைக்கும் சிறு நிறுவனத்திடம் அதற்கும் குறைவான விலை பேசுகிறீர்கள். அவர் தோல் ஆலையிடம் பேசுகிறார். இடையில் அளவுப் பட்டியல் மாறுகிறது, ஆணை ஒரு மாதம் தாமதமாக வருகிறது, ஆனால் சரக்கு ஒப்படைக்கும் தேதி மட்டும் மாறுவதில்லை. அந்த ஒரு மாதத்தை ஈடுகட்டத்தான் இரவு நேர மிகைவேலையும், பெயர் தெரியாத கூடத்துக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் 'ஜாப் ஒர்க்'கும் வருகின்றன. சரக்கு போய்ச் சேர்ந்த பின் பணத்துக்குக் காத்திருப்பது அடுத்த துன்பம். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உரிய காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டமும் பின்னர் திருத்தப்பட்டது. இத்தனைக்குப் பிறகும், நிலுவையைக் கேட்டால் அடுத்த ஆணை போய்விடும் என்று வாய் திறக்காத சிறு உரிமையாளர்களை நான் கணக்குப் பிரிவில் இருந்தபோதே அறிவேன். வாங்குபவர் பணத்தை நிறுத்தி வைத்தால் அந்தச் சிறு உரிமையாளர் கூலியை நிறுத்தி வைக்கிறார், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தர வேண்டிய பங்கையும் நிறுத்தி வைக்கிறார். உங்கள் அறநெறிப் பக்கத்தில் மரம் நட்ட படத்துக்குப் பதிலாக, எத்தனை விழுக்காடு பில்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தந்தீர்கள் என்ற ஓர் எண்ணை அச்சிட்டால் அதை நான் பெரிதும் மதிப்பேன்.

தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஆலைக்கு, எஸ்ஏ 8000 என்னும் உலகறிந்த சமூகப் பொறுப்புச் சான்றிதழ் சில வாரங்களுக்கு முன்புதான் வழங்கப்பட்டிருந்தது. முன்கூட்டித் தேதி சொல்லி, ஒருநாள் வந்து, மேலாளர் அறையில் பதிவேடுகளைப் பார்த்துச் செல்லும் தணிக்கையால் இவ்வளவுதான் முடியும். பிரிட்டனில் 1998இல் தொடங்கப்பட்ட எதிகல் டிரேடிங் இனிஷியேட்டிவ் அமைப்பின் அடிப்படை விதிகள், வேலையைத் தானே விரும்பித் தேர்ந்தெடுத்தல், சங்கம் சேரும் உரிமை, வாழப் போதுமான கூலி என்று நீள்கின்றன. உங்களில் பலர் அவற்றைச் சொல் மாறாமல் உங்கள் ஒப்பந்தப் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறீர்கள். அவற்றுள் சங்கம் சேரும் உரிமையைத்தான் நான் முதலில் வைப்பேன். பூட்டிய கதவை நாள்தோறும் பார்ப்பவர் தொழிலாளி. அவர் அச்சமின்றிச் சொல்ல ஓர் இடம் இருந்தால் தணிக்கையாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

துணியின் கதையும் இதை ஒத்ததே. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கீழ்ப்பகுதி உழவர்கள் நீதிமன்றம் சென்று போராடியதன் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியேற்றாமல் மீண்டும் பயன்படுத்தும் முறை அதன் பிறகே அங்கு வேரூன்றியது. அதற்குப் பெரும் முதலீடு செய்த பட்டறையும், இரவில் ஓடையில் திறந்துவிடும் பட்டறையும் உங்களுக்கு ஒரே விலையில் துணி தர முடியாது. விலை மிகவும் குறைவாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். நூலைப் பொறுத்தவரை, மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் இளம்பெண்களை விடுதியில் வைத்து, ஒப்பந்த காலம் முடிந்தால்தான் மொத்தத் தொகை என்று கட்டிப்போட்ட 'சுமங்கலித் திட்டம்' பற்றி நீங்கள் அறிவீர்கள். பெயர் மறைந்தாலும், விடுதியிலிருந்து தன் விருப்பப்படி வெளியே போய்வர முடிகிறதா என்ற கேள்வி இன்றும் கேட்கத்தக்கதே.

கையுறை விற்பவர்களுக்கு ஒரு சொல். மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தின் ரப்பர் கையுறைகளை, கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்காக முகவர்களுக்குக் கொடுத்திருந்த பணத்தை நிறுவனம் திருப்பித் தந்த பிறகே, 2021 செப்டம்பரில் தடை விலகியது. வாங்குபவர் உறுதியாக நின்றால் பறிபோன பணம் தொழிலாளியிடம் திரும்பும் என்பதற்கு இது சான்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஆலைகளுக்கு வருபவர்கள் முகவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று நீங்களும் கேட்கலாம்.

இவ்வளவும் எழுதியதால், இந்தப் பகுதியிலிருந்து வாங்குவதை நிறுத்துங்கள் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் தோலையும் காலணியையும் நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். காலணித் தொழிற்சாலை வேலையால் முதன்முறையாகத் தன் பெயரில் சம்பளம் வாங்கிய பெண்களை நான் அறிவேன். குறை கண்டதும் ஆணையை வேறு மாநிலத்துக்கு மாற்றுவது அவர்களைத் தண்டிப்பதாகும்; அடுத்த ஆலை குறையை மறைக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவே. குறையைச் சொன்ன ஆலைக்கு நியாயமான விலையில் நீண்ட கால ஆணை கொடுத்து, திருத்திக்கொள்ள அவகாசமும் கொடுப்பதே முறை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், குரோமியப் பதனிடலில் தண்ணீர் தேவையையும் குரோமியக் கழிவையும் வெகுவாகக் குறைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. இத்தகைய முறைக்கு மாறும் ஆலைக்கு, மாறுவதற்கு முன்பே ஆணை உறுதி வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர்களிடமும் நீங்கள் பேச வேண்டியவை உண்டு. ஆண்டுக்கு ஒரு ஜோடி என்ற விதிப்படி, தேய்ந்ததோ இல்லையோ காலணி மாற்றப்படுகிறது. மறுபுறம், மலிவான ஜோடி ஆறே மாதத்தில் அடிப்பகுதி பிளந்து நிற்கிறது. ஜோடியின் விலையை அது உழைத்த மாதங்களால் வகுத்து விலைப்புள்ளியில் காட்டுங்கள். எல்-1 யார் என்ற கணக்கு பல இடங்களில் மாறிவிடும். எண்ணெயும் நீரும் ஒட்டாத பூச்சு வேண்டும் என்று எல்லாச் சட்டைகளுக்கும் எழுதித்தரும் வழக்கத்தையும் கேள்வி கேளுங்கள். அந்தப் பூச்சுகளில் பல, மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்கள். கிடங்கில் பெட்டி அடுக்குபவருக்கு அவை தேவையில்லை. பழைய காலணிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யுங்கள். குரோமியத் தோலைத் திறந்தவெளியில் எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும் என்பதை, குப்பைமேட்டுக்கு அனுப்பும் ஆலை மேலாளர் அறிந்திருக்கமாட்டார்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் பலர் அதில் அடங்குவர். இன்றில்லாவிட்டாலும் விரைவில் அவர்கள் உங்களிடம் விவரம் கேட்பார்கள். அதற்கு முன்பாகவே, உங்களுக்குத் தோல் தரும் ஆலை, துணி தரும் சாயப்பட்டறை, நூல் தரும் ஆலை ஆகியவற்றின் பெயரையும் ஊரையும் பொதுவில் வெளியிடுங்கள். அதைத் திரட்டுவது கடினம் என்று சொல்லாதீர்கள். காலணி நிறுவனத்தின் தோல் கொள்முதல் பில்லிலும் டெலிவரி சலானிலும் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு ரேட் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கும்போது அவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரையில் வாழும் ஒரு முன்னாள் காலணித் தொழில் ஊழியன்