3,000 மணி நேரம்

அன்புள்ள மலருக்கு,

போன வாரம் போனில் "நானும் உன்னை மாதிரி தெரபிஸ்ட் ஆகலாம்னு பார்க்கிறேன்மா" என்றாய். நான் "சரி, யோசிப்போம்" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். போனில் சொன்னால் பாதியில் நீ குறுக்கே பேசுவாய், நானும் பேசுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பதிகள், குடும்பங்களோடு வேலை பார்க்கும் என் மாதிரி தெரபிஸ்டுக்கு லைசென்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. நான் சொல்வது கலிபோர்னியா கணக்கு. சியாட்டிலிலேயே இருப்பதாக இருந்தால் வாஷிங்டன் விதிகளைப் பார். இங்கே 60 செமஸ்டர் யூனிட் மாஸ்டர்ஸ் டிகிரி வேண்டும். படிப்பு உனக்குப் பெரிய விஷயமில்லை. ஜீனோகிராம் என்று குடும்பத்தை வரையச் சொல்வார்கள், ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உன் கொள்ளுத்தாத்தா அத்தை மகளைக் கட்டியவர் இல்லையா, என் கோடு சுற்றிவந்து அதே குடும்பத்தில் விழுந்தது. புரொபசர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

டிகிரி வாங்கிய பிறகுதான் விஷயமே ஆரம்பம். 90 நாளுக்குள் அசோசியேட்டாக, அதாவது லைசென்ஸ் வரும்வரை ஒரு சூப்பர்வைசரின் கீழ் வேலை பார்ப்பவராக, பதிவு செய்ய விண்ணப்பம் போட்டுவிடு. தள்ளிப்போட்டால் இடையில் வேலை பார்த்த மணியெல்லாம் சேராது. மொத்தம் 3,000 மணி நேரம், குறைந்தது 104 வாரம். அதில் 1,750 மணி நேரமாவது ஆட்களை எதிரே உட்கார வைத்துப் பேசியதாக இருக்க வேண்டும். அதற்குள்ளும் 500 மணி தம்பதிகள், குடும்பங்கள், குழந்தைகளோடு. வாரத்துக்கு 40 மணிக்கு மேல் கணக்கில் எழுத முடியாது.

ஒவ்வொரு வார மணிக்கணக்குத் தாளிலும் சூப்பர்வைசர் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடு. நான் ஏமாந்தது இங்கேதான். ஒரு கிளினிக்கில் சூப்பர்வைசர் திடீரென்று வேலையை விட்டுப் போனார். என் நான்கு மாதத் தாள்களில் கையெழுத்து இல்லை. எத்தனை மெயில் போட்டும் பதில் இல்லை, அந்த மணியெல்லாம் போனது போனதுதான். நீ அப்போது ஏழாம் வகுப்பு. ஒருநாள் ராத்திரி சமைக்காமல் பிரெட்டையும் ஜாமையும் நீட்டினேனே, அன்றைக்குத்தான்.

அசோசியேட் சம்பளத்தில் இந்த சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா வாடகை தேறாது. எனக்கு அப்பா சம்பளம் இருந்தது. நீ தனி ஆள், இரண்டு வருஷச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு வேலையை விடு.

தேர்வு இரண்டு. சட்டமும் நெறிமுறையும் அசோசியேட்டாக இருக்கும்போதே எழுத வேண்டும், கிளினிக்கல் தேர்வு மணிக்கணக்கு முடிந்த பிறகு. சட்டத்துக்குப் படிக்கும்போது டாராசாஃப் வழக்கு வரும். 1969-ல் பெர்க்கலியில் டாட்டியானா டாராசாஃப் என்ற பெண் கொல்லப்பட்டாள். கொன்றவன் நம் நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவன். கொல்லப்போவதாகத் தன் தெரபிஸ்டிடம் முன்பே சொல்லியிருந்தான். கேம்பஸ் போலீஸுக்குத் தகவல் போயிற்று, அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை தெரபிஸ்டுக்கும் உண்டு என்று 1976-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. இந்த வேலையில் கேட்டதை மறந்துவிட்டு வீட்டுக்கு வர முடியாது.

ஆனால் இதையெல்லாம் விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வாயை மூடுவதுதான். நம் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து, "நீதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்மா" என்று அந்தப் பெண்ணுக்கே புத்தி சொல்லி அனுப்புவார்கள். நானும் அந்தப் பழக்கத்தோடுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒருமுறை சூப்பர்வைசர் என் செஷன் டேப்பைப் போட்டுக் கேட்டு, நான் குறுக்கே பேசிய இடத்துக்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். 50 நிமிஷத்தில் 22 கோடு. அந்த மனைவி மூன்று தடவை ஏதோ சொல்ல வந்து நிறுத்தியிருக்கிறாள். அறையில் எனக்கு அது கேட்கவே இல்லை, டேப்பில்தான் கேட்டது.

நீயும் என் பெண்தானே, உனக்கும் அந்த 22 கோடு இருக்கும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வரும்போது என் பழைய மணிக்கணக்குத் தாள்களை எடுத்து வைக்கிறேன், கையெழுத்து இல்லாததும் அதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கூப்பிடு. சனிக்கிழமை காலை 10 மணிக்கு மட்டும் வேண்டாம், ஒரு ஜோடி வருகிறார்கள்.

அன்புடன்,
அம்மா