பழைய பொம்மையை விற்கலாம், வாங்கப்போகும் குழந்தையையும் நினைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் விளையாடி முடித்த பொம்மைகளை விற்று வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம் பார்ப்பது எப்படி என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். போட்டோ எப்படி எடுப்பது, எப்போது விளம்பரம் போடுவது, பேரத்தில் எவ்வளவு இறங்கலாம் எல்லாம் இருந்தது, உபயோகமான கட்டுரைதான். ஆனால் அந்தப் பொம்மை கடைசியில் போய்ச் சேருவது இன்னொரு குழந்தையின் கைக்கும் வாய்க்கும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. படித்ததிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விற்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. "இதைப் போய் விற்பார்களா, யாருக்காவது சும்மா கொடுத்துவிடலாமே" என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆறு மாதம் விளையாடுவதற்குள் பிள்ளைக்கு அந்தப் பொம்மை சின்னதாகிவிடுகிறது, அடுத்த வயதுக்கு வேறொன்று கேட்கிறது, இந்தச் செலவு எந்தக் குடும்பத்துக்கும் லேசானது இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பொருளை நியாயமான விலைக்குக் கொடுத்தால் விற்கிறவருக்கும் லாபம், புதிதாக வாங்க முடியாதவருக்கும் லாபம், குப்பைக்குப் போவதும் குறைகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அப்புறம், சும்மா கொடுப்பது என்றாலே புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு உடைந்ததையும் பிசுபிசுத்ததையும் மூட்டை கட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தருகிறவர்களும் உண்டு. விற்கத் தகுதியில்லாத பொம்மை கொடுக்கவும் தகுதியில்லாததுதான்.

எது தகுதியில்லாதது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அழுக்கையும் உடைசலையும் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் உண்மையான ஆபத்துகளில் பல கண்ணுக்கு அழகாகவே இருக்கும். நான் முதலில் பயப்படுவது பட்டன் பேட்டரிக்குத்தான். பாட்டுப் பாடும் புத்தகம், மினுக்கும் வாள், சின்ன ரிமோட் போன்ற பலவற்றில் நாணயம் போன்ற அந்த வட்டப் பேட்டரி இருக்கிறது. அதைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி, சுற்றியுள்ள சதையை அரிக்கிற காரம் உண்டாகிறது, இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் ஆகிவிடும். பொம்மை ஓடாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இந்தக் கேட்டைச் செய்யப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். புதிய பொம்மையில் பேட்டரி மூடியை ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள், குழந்தை விரலால் திறக்கக்கூடாது என்பதற்காகவே அந்த ஸ்க்ரூ. பழைய பொம்மையில் முதலில் காணாமல் போவதும் அதுதான், பேட்டரி மாற்றும்போது எங்கோ வைத்துவிட்டு அப்புறம் டேப் ஒட்டிச் சமாளிப்போம். நம் வீட்டில் நாம் கவனமாகப் பார்த்துக்கொண்ட அந்த டேப், வாங்கிப் போகிறவருக்கு என்னவென்றே தெரியாது. அதே அளவு ஸ்க்ரூ ஒன்று தேடிப் போட்டால் பொம்மை விற்கும், மூடியே போய்விட்டது என்றால் அந்தப் பொம்மையை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது காந்தம். காந்தத் தட்டுகளை ஒட்டி ஒட்டிக் கட்டடம் கட்டும் செட்டுகளுக்குப் பழையதிலும் நல்ல கிராக்கி இருக்கிறது. ஒவ்வொரு தட்டின் ஓரத்தையும் நகத்தால் நெருடிப் பார்க்க வேண்டும், ஒட்டு விட்டிருந்தாலோ விரிசல் இருந்தாலோ உள்ளே இருக்கும் சின்னக் காந்தம் எப்போது வேண்டுமானாலும் வெளியே விழலாம். ஒரு குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு மடிப்பில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நடுவில் இருக்கும் குடலையே துளைத்துவிடும். ஐம்பது தட்டு உள்ள செட்டில் மூன்று தட்டு விரிந்திருந்தால் அந்த மூன்றை ஒதுக்கிவிட்டு நாற்பத்தேழு என்று சொல்லி விற்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சின்ன உறுப்புகளைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும், ஆனால் எந்த அளவு வரை சின்னது என்று சொல்வது என்பதில்தான் குழப்பம். இதற்குப் பொம்மைப் பரிசோதனைக் கூடங்களில் ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் பொம்மையில் இருக்கக்கூடாது. வீட்டில் ஒரு கெட்டித்தாளை அந்த அகலத்துக்குச் சுருட்டி வைத்துக்கொண்டு பார்த்தாலே போதும். கரடி பொம்மையின் கண் கையோடு வருகிறதா என்று ஒரு தடவை நன்றாக இழுத்தும் பார்க்க வேண்டும், நாம் இழுக்காவிட்டால் வாங்கின வீட்டுக் குழந்தை கடித்து இழுக்கும்.

பெயிண்ட், பிளாஸ்டிக் விஷயம் இன்னும் சிக்கலானது. பரணில் இருக்கும் பழைய பொம்மைகளை "அந்தக் காலத்துத் தரம்" என்று புகழ்ந்து விற்கிறார்கள். மரத்தின் உறுதியைப் பற்றி அப்படிச் சொல்லலாம், மேலே பூசிய பெயிண்டைப் பற்றிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பொம்மைப் பெயிண்டில் ஈயத்துக்கு 1978-ல் கொண்டுவந்த வரம்பு பத்து லட்சத்தில் 600 பங்கு, 2008-ல் வந்த சட்டம் அதை 90-க்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக்கை இளக்குவதற்குச் சேர்க்கும் தாலேட் வகை ரசாயனங்களில் சிலவற்றைக் குழந்தைப் பொருட்களில் ஐரோப்பிய நாடுகள் நிரந்தரமாகக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது 2005-ல். இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானதே 2021 ஜனவரியிலிருந்துதான். அதாவது நாம் விற்கும் பொருள், இன்றைய விதிகள் வருவதற்கு முன்னால் செய்ததாக இருக்கலாம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிதும் பழையதுமாக 157 பொம்மைகளை எடுத்து ஆராய்ந்தபோது, பழையவற்றில் 84 சதவீதம் இன்றைய சட்ட வரம்பைத் தாண்டிய ரசாயனங்களோடு இருந்தன, புதியவற்றிலும் 30 சதவீதம் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு எல்லாப் பொம்மையையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெயிண்ட் உதிர்கிற பழைய பொம்மை, தொட்டால் பிசுபிசுவென்று எண்ணெய் விடுகிற பழைய ரப்பர் பொம்மை, இவற்றை வாயில் வைத்துச் சப்பும் வயதுப் பிள்ளைக்கு விற்காதீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன். பழம்பொருள் சேகரிக்கிறவர்கள் அலமாரியில் வைப்பதற்கு வாங்குவார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

சேகரிக்கிறவர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பார்பி பொம்மையின் முதுகில் 1966 என்று பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு "அறுபது வருஷப் பழசு, அபூர்வம்" என்று விளம்பரம் போடுகிறார்கள். அந்த ஆண்டு, பொம்மையின் உடலை வார்க்கும் அச்சுக்கு நிறுவனம் உரிமை பதிந்த ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு கிடையாது. அதே அச்சில் பல பத்தாண்டுகள் பொம்மை வார்த்திருக்கிறார்கள். ஹாட் வீல்ஸ் பொம்மைக் காரின் அடியில் இருக்கும் ஆண்டும் இப்படித்தான். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் குறைவு, பெரும்பாலானவர்கள் தெரியாமல் எழுதுகிறார்கள், ஆனால் பணம் கொடுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் கட்டும் லெகோ பிளாஸ்டிக் கட்டிகள் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தக் கட்டியின் அமைப்பு இன்றைக்கும் மாறவில்லை, அன்று செய்த கட்டி இன்று வாங்கும் கட்டியில் பொருந்தும், அதனால்தான் பழையதற்கும் விலை அவ்வளவாக விழுவதில்லை. செய்முறைத் தாள் தொலைந்துபோனாலும் பல செட்டுகளுக்குக் கட்டும் முறையை அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். விற்பதற்கு முன் ஒரு தடவை முழுதாகக் கட்டிப் பார்த்து எது குறைகிறது என்று எழுதிவிட்டால் போதும். பிள்ளையோடு உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை கட்டுவதும் நல்லதுதான். ஜிக்சா படமும் அப்படியே. ஒரு துண்டு குறைகிறது என்று சொல்லி விற்றால் அதைத் தெரிந்தே வாங்க ஆள் இருக்கிறது, சொல்லாமல் விற்றால் ஒரு வீட்டில் ஒரு குழந்தை கடைசித் துண்டைக் கட்டில் அடியிலும் சோபா இடுக்கிலும் தேடிக்கொண்டிருக்கும்.

பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் பலர் பொம்மை போச்சு என்று எறிகிறார்கள். சாதாரண அல்கலைன் பேட்டரியில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்கிற காரம். கையுறை போட்டுக்கொண்டு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டால் பல பொம்மைகள் திரும்ப ஓடும். ஆனால் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் விளம்பரம். "பேட்டரி இல்லாததால் சோதிக்கவில்லை" என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதே இல்லை. குளிக்கும்போது வைத்து விளையாடும், அடியில் ஓட்டை உள்ள ரப்பர் வாத்து மாதிரியானவை எவ்வளவு கழுவினாலும் உள்ளே பூஞ்சை தங்கியிருக்கும், அவற்றை விற்பதும் வேண்டாம் கொடுப்பதும் வேண்டாம்.

இப்போது பேசும் பொம்மை, கேமரா பொம்மை, பிள்ளைகளுக்கான டேப்லட் என்று நிறைய வந்துவிட்டது. அவற்றில் நம் குழந்தையின் குரலும் படமும் பெயரும் பிறந்தநாளும் இருக்கலாம். விற்பதற்கு முன் கணக்கை நீக்கி, மெமரி கார்டை எடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். மை ஃப்ரெண்ட் கேய்லா என்ற பேசும் பொம்மையை, 2017-ல் ஜெர்மனியின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு ஒளித்துவைத்த ஒட்டுக்கேட்புக் கருவி என்று சொல்லித் தடை செய்தது, வைத்திருப்பவர்கள் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அதை அங்கே செகண்ட் ஹாண்டில் விற்றாலும் குற்றம். விளம்பரத்துக்கு எடுக்கும் போட்டோவிலும் பொம்மை மட்டும் இருக்கட்டும், பிள்ளையின் முகமும் பள்ளிச் சீருடையும் வேண்டாம்.

ஆபத்து என்று தெரிந்து நிறுவனமே திரும்பப் பெற்ற பொருட்கள் இன்னொரு பக்கம். 2007-ல் பெரிய நிறுவனங்களே ஈயப் பெயிண்ட், காந்தம் காரணமாக லட்சக்கணக்கில் பொம்மைகளைத் திரும்பப் பெற்றன. திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தபோது நாம் செய்தியைப் பார்த்திருக்கவே மாட்டோம், பொம்மை பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பொருளை வீட்டு வாசலில் வைத்து விற்பதுகூடச் சட்டப்படி தவறு. பல நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி., பல நாடுகளின் இந்த அறிவிப்புகளை ஒரே இணையப் பக்கத்தில் திரட்டித் தருகிறது. பொம்மையின் பெயரையும் மாடல் எண்ணையும் போட்டுத் தேட ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

உங்கள் கட்டுரை தொடாத இன்னொரு ஆள், பொம்மையின் சொந்தக்காரப் பிள்ளை. பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் எடுத்து விற்றுவிட்டு "நீதான் விளையாடுவதே இல்லையே" என்று சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறேன். விளையாடாவிட்டாலும் அது அந்தப் பிள்ளையுடையது. கேளுங்கள். சில பொம்மையைக் காரணமே சொல்லாமல் விற்க வேண்டாம் என்று பிடித்துக்கொள்ளும், அதை விட்டுவிடுங்கள், மிச்சத்தைத் தானாகவே எடுத்துக் கொடுக்கும். பணத்தில் பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று சொன்னால் அந்தப் பங்கு பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். வீட்டுச் செலவுக்கு வேண்டும் என்றால் அதை அப்படியே சொல்லலாம், பிள்ளைகளுக்குப் புரியும்.

ஆசிரியரிடம் இரண்டு வேண்டுகோள். வரி விளம்பரப் பகுதியில் பழைய குழந்தைப் பொருள் விற்க வருகிறவர்களிடம் எந்த வயதுக்கானது, என்ன குறைகிறது, பேட்டரி மூடி ஸ்க்ரூவோடு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை விளம்பரத்தோடு சேர்த்தே அச்சிடுங்கள். அதற்காக ஒரு வரி கூடினால் அந்த வரிக்குக் கட்டணம் வாங்காதீர்கள். அப்புறம், திரும்பப் பெற்ற பொம்மைகளின் பட்டியலை மாதம் ஒருமுறை, பெயரும் மாடல் எண்ணும் படமுமாக, ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி