என் ஓட்டு எண்ணப்பட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் எனக்குப் பக்கத்துத் தொகுதியில் வாக்குச்சாவடிப் பணி. முந்தின நாளே போய், கொசுவர்த்தியை ஏற்றிவைத்துப் பள்ளி வராந்தாவில் படுத்தோம். ஏப்ரல் 6 காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை, கையுறை மாட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் மை வைத்தேன். என் விரலில் மட்டும் மை இல்லை. எனக்குத் தபால் ஓட்டு.

அந்தத் தபால் ஓட்டு லேசான வேலை இல்லை. சீட்டைச் சின்ன உறையில் போட்டு ஒட்ட வேண்டும். உறுதிமொழிப் படிவத்தில் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, அதைத் தனியாக வைத்து, இரண்டையும் பெரிய உறைக்குள் வைக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஆசிரியை படிவத்தையும் சீட்டோடு உள்ளேயே ஒட்டிவிட்டார். அப்படி வந்தால் உள் உறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தவர்!

எங்கள் மாவட்டத்து ராதாபுரம் தொகுதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 வாக்கில். சான்றொப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள், அது செல்லாது என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 203. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019-இல் மறு எண்ணிக்கை நடந்து, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. கையெழுத்து வாங்கப் போன அந்த ஊழியர்கள் செய்த தப்புதான் என்ன?

2024 மக்களவைத் தேர்தலில் பயிற்சி மையத்திலேயே ஓட்டுப் போட வைத்தார்கள். நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனாலும் போட்ட ஓட்டு எண்ணப்பட்டதா, குப்பைக்குப் போனதா என்பது போட்டவருக்குத் தெரிவதே இல்லை. உள் உறையின் மேலேயே சீட்டின் வரிசை எண் இருக்கிறது. யாருக்குப் போட்டார் என்று பார்க்காமலே, யாருடைய ஓட்டு தள்ளுபடியானது என்று கண்டுபிடித்துவிடலாம். காரணத்தோடு அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப என்ன கஷ்டம்? சம்பளம் ஏறியதற்கெல்லாம் செய்தி வருகிறதே. தேர்தல் ஆணையம் இதை யோசிக்க வேண்டும்.

அந்த ஆசிரியை இன்னும் என்னிடம் கேட்கிறார், "சார், என் ஓட்டை எண்ணியிருப்பாங்களா?" என்று. தெரியாது என்றுதான் சொல்லிவருகிறேன்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.