மூன்றாம் எட்வர்டின் வழிவந்தவர் என்று சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று தன் பூர்வீகத்தைத் தேடிப் போய், அரசர் மூன்றாம் எட்வர்டிடம் (1312–1377) சென்று சேர்ந்த செய்தியை ஞாயிறு மலரில் படித்தேன். லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும் பாக்கியம் போல எழுதியிருந்தார்கள். எந்த ஆவணங்களைக் கொண்டு அந்த வழி நிறுவப்பட்டது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இதே தேடலில் இறங்க நினைப்பவர்களுக்கு அதுதான் முக்கியம்.

எட்வர்டின் காலம் இன்றைக்கு ஏறத்தாழ 21 தலைமுறைக்கு முந்தையது. தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போனால், 21-ஆவது படியில் ஒருவருக்கு 20,97,152 முன்னோர் இடங்கள் வரும். அன்றைய இங்கிலாந்தின் மக்கள்தொகையே சுமார் 25 லட்சம் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். ஒரே ஆள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருவார் என்றாலும், ஆங்கிலேயப் பூர்வீகம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எட்வர்ட் ஏதோ ஒரு கிளையில் பாட்டனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கிளையை ஒரு கண்ணிகூட அறுபடாமல் ஆவணத்தில் காட்டுவதுதான் கடினம்.

குடும்பப் பெயரை நம்பித் தேடுவது வீண். 2016-இல் பிபிசி நிகழ்ச்சியில் நடிகர் டேனி டயருக்குக் காட்டிய வழி, எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் மகன் கிரெகரியும் அவர் மனைவி எலிசபெத் சீமோரும் வழியாகப் போகிறது. அரச ரத்தம் எலிசபெத்துடையது. எட்வர்டின் மகன் லயனல். அவர் மகள் பிலிப்பா மார்ட்டிமர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். பிலிப்பாவின் மகள் பெர்சி வீட்டுக்கும், பேத்தி கிளிஃபோர்ட் வீட்டுக்கும், கொள்ளுப்பேத்தி மேரி வென்ட்வொர்த் வீட்டுக்கும் மருமகளாகப் போனார்கள். மேரியின் மகன் ஹென்றி. அவர் மகள் மார்ஜரி சீமோர் வீட்டு மருமகள். அவர் பெற்றவர்தான் எலிசபெத். லயனல் தொடங்கி எட்டுப் பேரில் ஆறு பேர் பெண்கள். ஏறக்குறைய ஒவ்வொரு படியிலும் குடும்பப் பெயர் மாறுகிறது.

தேடலை அரசரிடமிருந்து கீழே இறக்காமல், தன்னிடமிருந்து மேலே ஏற்ற வேண்டும். பின்னோக்கி 1837 ஜூலை 1 வரை அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் கைகொடுக்கும். 1841 முதலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வீட்டிலுள்ளோர் பெயர்கள் உண்டு. 1841-இல் மட்டும் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். அதற்கு முன்னே போக, அதே தாமஸ் கிராம்வெல் 1538-இல் பிறப்பித்த உத்தரவால் தொடங்கிய தேவாலய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன.

பெரும்பாலான வம்சாவளிகள் உடைவது 1550-க்கும் 1700-க்கும் இடையில். நிலவுடைமைக் குடும்பத்தின் இளைய மகனோ மகளோ சாதாரணக் குடும்பத்தோடு கலக்கும் இடம் அது. 1642-இல் மூண்ட உள்நாட்டுப் போரிலிருந்து 1660 வரை பல ஊர்களின் பதிவேடுகளில் ஓட்டை. ஆண்டுதோறும் ஆயருக்கு (பிஷப்புக்கு) அனுப்பிய பதிவேட்டு நகல்களும் அந்த ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் இல்லை. பெயர் பொருந்துகிறது என்று பக்கத்து ஊர் ஜானைப் பிடித்து ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஜான் குழந்தையிலேயே இறந்தவரா என்று அடக்கப் பதிவைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். 1752-க்கு முன் அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். 1640 மே மாதம் திருமணம், 1640 பிப்ரவரியில் ஞானஸ்நானம் என்றிருந்தால் குழந்தை திருமணத்துக்கு ஒன்பது மாதம் பிந்தியது.

இன்னொரு பெரிய சறுக்கல் இரண்டு தாரம். அரச வழி முதல் மனைவியுடையதாக இருக்க, இரண்டாம் மனைவியின் பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் அதற்கு மேலே உள்ள அத்தனையும் பொய். முதல் மனைவி அடக்கமான தேதியையும் பிள்ளையின் ஞானஸ்நானத் தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்தே தீர வேண்டும்.

அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்ததும் நடந்த வாரிசு விசாரணைப் பத்திரங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ளன. வாரிசின் பெயர், வயது, உறவு எல்லாம் அதில் இருக்கும். ஆனால் வாரிசைத் தவிர மற்ற பிள்ளைகள் வழக்கமாக இருக்க மாட்டார்கள். நம் கிளையோ பெரும்பாலும் அவர்களில் ஒருவருடையது. அதற்கு உயில்கள்தான் துணை. 1384 முதல் 1858 வரை கான்டர்பரி பேராயர் நீதிமன்றம் பதிவு செய்த உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1530 முதல் 1688 வரை மரபுச் சின்ன அதிகாரிகள் (குடும்பச் சின்னம் பயன்படுத்தும் உரிமையைச் சரிபார்ப்பவர்கள்) ஊர் ஊராகப் போய் எழுதிய வம்சாவளிகள் குடும்பத்தார் சொன்னதைக் கேட்டு எழுதியவை. சொன்னவரின் பாட்டனார் வரை ஓரளவு நம்பலாம். அதற்கு மேலே வேறு ஆவணம் வேண்டும்.

டி.என்.ஏ. சோதனை இதைத் தீர்க்காது. பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு அப்பால் பெரும்பாலான முன்னோரின் கூறு நம் உடலில் எஞ்சுவதே இல்லை. 2012-இல் லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்தில் கிடைத்த அரசர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளின் டி.என்.ஏ., அவர் சகோதரியின் தாய்வழி வாரிசுகளோடு பொருந்தியது. ரிச்சர்டைப் போலவே எட்வர்டிலிருந்து தந்தைவழி வந்ததாக ஆவணங்கள் சொல்லும் உறவினர்களின் ஒய் குரோமோசோமோ (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்வது) பொருந்தவில்லை. நடுவில் எங்கோ தந்தை வேறு.

இனி இப்படிப்பட்ட செய்தியை வெளியிடும்போது, 1550 முதல் 1700 வரையுள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் என்ன ஆவணம் என்பதைச் சிறு பெட்டிச் செய்தியாகவாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வம்சாவளி ஆவணங்களை ஆராயும் வாசகர்